சங்கத்தில் சேருவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பார்க்க வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சாப்பாட்டு இடைவேளையில் சீனியர் அக்கா ஒருவர் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்து, "இதுல ஒரு கையெழுத்து போடும்மா, எல்லாரும் போட்டாச்சு" என்றார். போட்டேன். ஆறு வருடம் சந்தாவும் கட்டினேன். ஏழாவது வருடத்தில் ஒரு நாள், பகல் ஷிப்ட் முடிந்த கையோடு ஆள் இல்லை என்று இரவு டூட்டியையும் பார்க்கச் சொன்னார்கள். வார்டில் 19 நோயாளிகள், அதில் இரண்டு பேர் மூச்சுத் திணறலோடு அப்போதுதான் வந்து சேர்ந்தவர்கள். அந்த அவசரத்தில் இன்னொருவருக்கு நள்ளிரவு 12 மணிக்குப் போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் அதிகாலை 4 மணிக்குத்தான் போனது. நானேதான் கவனித்தேன், நானேதான் டாக்டரிடம் சொன்னேன், கேஸ் ஷீட்டிலும் எழுதினேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது.

சங்கத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் அன்பாகத்தான் பேசினார். "நாங்க மாநாடு, பயிற்சி வகுப்பு, பத்திரிகை இதெல்லாம் நடத்துறோம் சிஸ்டர், விசாரணைக்குக் கூட வர்றது எங்க வேலையில வராது" என்றார். பக்கத்து வார்டு தோழி சொன்ன தொழிற்சங்கத்தைக் கேட்டேன். "தாராளமா சேருங்க, ஆனா சேர்றதுக்கு முன்னாடி நடந்ததை எடுத்துப் பேச எங்க விதியில இடமில்லை" என்றார்கள். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். கையெழுத்து போட்ட அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கு ஏழாவது வருடத்தில் பதில் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தக் கேள்விகளை உங்கள் கையில் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, எந்தச் சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வார்டிலேயே நாம் செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றியும்.

முதலில், யார் என்ன வேலை செய்கிறார்கள்

நம்மில் பலரும் கவுன்சில், சங்கம், யூனியன் என்ற மூன்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றும் வேறு வேறு.

நர்சிங் கவுன்சில், அல்லது சில நாடுகளில் நர்சிங் போர்டு, நம் பதிவையும் உரிமத்தையும் பார்த்துக்கொள்கிற அமைப்பு. அதற்கு நாம் கட்டும் கட்டணம் சந்தா கிடையாது. அந்த அமைப்பு இருப்பதே பொதுமக்களின் பாதுகாப்புக்காக. நம் மேல் புகார் வந்தால் விசாரிக்கிற இடம் அதுதான், ஆகவே நமக்காக வாதாட அது வராது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆச்சரியப்படுகிற நர்ஸ்களைப் பார்க்கிறேன்.

தொழில்முறைச் சங்கம் என்பது தொழிலையே ஒட்டுமொத்தமாக உயர்த்தப் பார்க்கிற அமைப்பு: படிப்பின் தரம், நெறிமுறை, ஆராய்ச்சி, அரசிடம் கொள்கை பேசுவது. 1899-ல் தொடங்கிய சர்வதேச செவிலியர் கவுன்சில் பெயரில்தான் கவுன்சில், உண்மையில் அது 130-க்கும் மேற்பட்ட நாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு. 1953-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட நெறிமுறைக் கோவை 2021 வரை பல முறை திருத்தப்பட்டிருக்கிறது. மே 12 செவிலியர் தினத்துக்கு ஒவ்வொரு வருடமும் கருப்பொருள் அறிவிப்பதும் அவர்கள்தான். ஐசியூ, அறுவை அரங்கு, குழந்தைகள் நலம், புற்றுநோய் என்று பிரிவுவாரியாக இருக்கிற சங்கங்களும் இந்த வகையில்தான் வரும். அவற்றின் பலம் படிப்பு, சான்றிதழ், ஒரே துறையில் இருப்பவர்களின் பழக்கம்.

தொழிற்சங்கம் சம்பளம், ஷிப்ட் நேரம், விடுப்பு, மெமோ, விசாரணை என்று நிர்வாகத்தோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிற அமைப்பு. சட்டப்படி அங்கீகாரம் பெற்றிருந்தால் அது போடுகிற ஒப்பந்தம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும்.

சில இடங்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். 1916-ல் தொடங்கிய பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் அப்படித்தான், தொழில்முறை அமைப்பும் அதுவே, தொழிற்சங்கமும் அதுவே. வேறு சில இடங்களில் இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் பெரிய இழுபறியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா நர்ஸ்கள் சங்கம் 1995-ல் தேசியச் சங்கத்திலிருந்து பிரிந்து வந்ததற்குப் படுக்கையருகில் வேலை பார்க்கிற நர்ஸ்களின் பிரச்சினைகளுக்கு அங்கே போதிய இடம் இல்லை என்ற மனக்குறை பெரிய காரணம். பெயரில் "நர்ஸ்கள் சங்கம்" என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். விதிமுறைப் புத்தகத்தில் "நோக்கங்கள்" என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். "கூட்டுப் பேரம்", "உறுப்பினரைப் பிரதிநிதித்துவம் செய்தல்" போன்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால், விசாரணை அன்றைக்கு உங்கள் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு எது வேண்டும்

ஒரு தாளை எடுத்து, போன வருடம் வேலையில் உங்களை வாட்டிய விஷயங்களை எழுதுங்கள். பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், மனதில் வருகிறபடி எழுதினால் போதும்: "ரோஸ்டரை முந்தின நாள் ராத்திரிதான் போடுகிறார்கள்", "ஓவர்டைம் காசு வரவில்லை", "வென்டிலேட்டர் பயிற்சி இல்லாமலே ஐசியூவில் போட்டார்கள்", "நோயாளியின் சொந்தக்காரர் அடிக்க வந்தார், யாரும் கேட்கவில்லை". எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதைத் தீர்க்கக்கூடியவர் யார் என்று குறியுங்கள். பயிற்சி, மேற்படிப்பு, வேலை மாற்றம், வெளிநாட்டுத் தேர்வு என்றே பட்டியல் போனால் உங்களுக்குத் தொழில்முறைச் சங்கமோ பிரிவுச் சங்கமோ உதவும். ரோஸ்டர், சம்பளம், ஆள் பற்றாக்குறை, மெமோ என்று போனால் தொழிற்சங்கம்தான். இரண்டும் கலந்து வந்தால், கையில் இருக்கிற காசுக்கு எதை முதலில் எடுப்பது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், பாதுகாப்புக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றின் கூட்டத்துக்கும் போகாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தச் சந்தா ஐந்தும் வீண்தான்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

நேரில் கேட்டாலும் சரி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மெயிலோ வாட்ஸ்அப்போ, எதுவானாலும் தேதியோடு இருக்க வேண்டும்.

"எனக்கு மெமோ வந்தால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள்?" இதுதான் முதல் கேள்வி. "பார்த்துக்கலாம்" என்பது பதில் ஆகாது. ஆலோசனை மட்டும்தானா, கூட உட்காருவார்களா, வழக்கறிஞர் வைப்பார்களா, வைத்தால் செலவு யாருடையது, உரிமம் சம்பந்தமாக கவுன்சிலில் விசாரணை வந்தால் அதுவும் இதில் சேருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருத்துவமனை நடத்துகிற விசாரணை வேறு, கவுன்சில் நடத்துகிற விசாரணை வேறு. ஒன்றுக்கு வருகிறவர்கள் இன்னொன்றுக்கு வராமல் போகலாம்.

"எந்தத் தேதியிலிருந்து எனக்கு உதவி கிடைக்கும்?" பெரும்பாலான தொழிற்சங்கங்கள் சேர்வதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினையை எடுக்காது, சில இடங்களில் சேர்ந்த பிறகும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். நான் பட்டது இதில்தான். பிரச்சினை வந்தபின் சேரலாம் என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அப்புறம் காப்பீடு. நிறையச் சங்கங்கள் "தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இலவசம்" என்று விளம்பரம் செய்கின்றன. அதில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சம்பவம் நடந்த தேதியைப் பார்ப்பது: சம்பவம் நடந்தபோது நீங்கள் காப்பீட்டில் இருந்தால் போதும், வழக்கு நான்கு வருடம் கழித்து வந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, வழக்கு வந்த தேதியைப் பார்ப்பது: வழக்கு வரும்போதும் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். நீங்கள் அதற்குள் வேலையை விட்டிருந்தால், சந்தாவை நிறுத்தியிருந்தால், சம்பவம் நடந்தபோது கட்டியிருந்த காசால் பயனில்லை. இரண்டாவது வகையாக இருந்தால், விலகும்போது பின்தொடர் காப்பீடு, அதாவது விலகிய பிறகு வருகிற வழக்கையும் பார்த்துக்கொள்கிற காப்பீடு, தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். மருத்துவமனையின் காப்பீடு நம்மையும் சேர்த்தே பார்க்கும் என்று சொல்வார்கள், பல நேரம் அது சரிதான். ஆனால் மருத்துவமனையின் வக்கீல் மருத்துவமனைக்காகத்தான் வேலை செய்வார். தவறு யாருடையது என்பதில் உங்கள் பேச்சும் நிர்வாகத்தின் பேச்சும் வேறுபடுகிற நாளில், உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும்.

"என் மருத்துவமனையில் எத்தனை உறுப்பினர்கள், இங்கே பிரதிநிதி யார்?" நாடு முழுவதும் லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் இருந்தாலும் உங்கள் கட்டடத்தில் மூன்றே பேர் என்றால் நிர்வாகம் அசையாது. பெரிய சங்கத்தை விட, உங்கள் வார்டிலும் அடுத்த வார்டிலும் ஆள் இருக்கிற சிறிய சங்கம் பல நேரம் அதிகம் உதவும். பிரதிநிதியிடம் நேரில் பேசிப் பாருங்கள். கடைசியாக அவர் எடுத்த பிரச்சினை எது, என்ன ஆனது என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் ஒரு சம்பவத்தைக்கூட விவரிக்க முடியாதவரிடம் கவனமாக இருங்கள்.

தேர்தல் எப்போது நடந்தது, வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா, வேலைநிறுத்தம் பற்றி நிலைப்பாடு என்ன, ஏதாவது கட்சியோடு தொடர்பு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்சித் தொடர்பு இருப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன், தெரிந்து சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். சந்தாவுக்குச் சில நாடுகளில் வருமான வரிச் சலுகையும் உண்டு, அதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் நாம் செய்ய வேண்டியது

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உறுப்பினர் அட்டை வைத்திருந்தாலும், கையில் எழுத்து இல்லையென்றால் யாராலும் நமக்கு உதவ முடியாது. நல்ல தொழிற்சங்கப் பிரதிநிதி முதலில் கேட்பது, "எழுதி வச்சிருக்கீங்களா?" என்றுதான்.

சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து பேருந்து ஏறுவதற்குள் ஐந்து வரி எழுதினால் போதும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "இரவு டூட்டி, 8 முதல் 8. நர்ஸ் 2, உதவியாளர் 1. தொடக்கத்தில் 17 பேர், இரவு 11.20-க்கு 2 அட்மிஷன். ஆக்ஸிஜனில் 5 பேர், மணிக்கொரு முறை பார்க்க வேண்டியவர் 3 பேர். 11.30-க்கு டூட்டி சூப்பர்வைசருக்கு போன், ஆள் கேட்டேன், இல்லை என்றார். இடைவேளை எடுக்கவில்லை. தாமதமானது: 12 மணி மருந்துகள், இரண்டு பேருக்கு இடம் மாற்றிப் படுக்க வைத்தல்." கோபமோ குற்றச்சாட்டோ இதில் எங்கும் கிடையாது. எத்தனை பேர், எத்தனை மணி, யாரிடம் சொன்னேன், என்ன விட்டுப்போனது, அவ்வளவுதான்.

இதில் நோயாளியின் பெயர், ஐபி எண் (உள்நோயாளி எண்), நோய் விவரம் எதுவும் வரக்கூடாது. கேஸ் ஷீட்டை போனில் படம் எடுக்காதீர்கள், வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் எதையும் போடாதீர்கள். நியாயமான புகாரோடு போனவர்கள் நோயாளியின் அந்தரங்கத்தை மீறினார்கள் என்ற ஒரே காரணத்தால் தோற்ற கதைகள் உண்டு, நிர்வாகத்துக்கு அந்த வாய்ப்பை நாமாகக் கொடுக்க வேண்டாம்.

ஆறு வாரம் இப்படி எழுதினால் ஒரு உரு தெரிய ஆரம்பிக்கும். எந்த நாட்களில் ஆள் குறைகிறது, எத்தனை இரவில் இடைவேளை போனது, என்னென்ன வேலை தொடர்ந்து விட்டுப்போகிறது என்று எண்ணிச் சொல்லலாம். "எப்பவுமே ஆள் இல்லை" என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், "42 இரவில் 29 இரவு இரண்டே நர்ஸ்" என்றால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, மனு. இதற்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். நள்ளிரவில் டாக்டருக்கு போன் செய்யும்போது நாம் பயன்படுத்துகிற எஸ்பார் முறையே போதும்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, என்ன செய்யச் சொல்கிறேன். நிலை: இரவு ஷிப்டில் இரண்டு நர்ஸ், 19 நோயாளிகள். பின்னணி: ஆறு வாரக் கணக்கு. மதிப்பீடு: இன்னின்ன வேலைகள் தாமதமாகின்றன, நோயாளிக்கு ஆபத்து. கோரிக்கை: இரவு 8 முதல் 2 வரை இன்னொரு நர்ஸ், ஒரு மாதம் முயன்று பார்த்து மறுபடி பேசுவோம். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். புகார் மட்டும் சொன்னால் "நோட் பண்ணிக்கிறோம்" என்று முடிந்துவிடும், ஒரு சின்ன, செய்யக்கூடிய கோரிக்கை இருந்தால் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.

தனியாகக் கொடுக்காதீர்கள். ஒருவர் கொடுத்தால் அந்த நர்ஸுக்கு ஏதோ பிரச்சினை என்பார்கள், நான்கு பேர் கொடுத்தால் வார்டுக்குப் பிரச்சினை என்பார்கள். இதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. சில நாடுகளின் சட்டம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை நிலைமை பற்றிப் பேசுவதற்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்கிறது, சங்கம் இல்லாத இடத்திலும்கூட. அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு, ஆனால் மேற்பார்வையாளர் என்று கருதப்படுகிறவருக்கு அது பொருந்தாது, 2006-ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு இன்சார்ஜ் நர்ஸ்கள் பலர் அந்த வரையறைக்குள் போகக்கூடிய நிலை வந்தது. ஆகவே இன்சார்ஜாக இருப்பவர்கள் கையெழுத்து போடுவதற்கு முன் தங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கொடுத்த மனுவுக்கு நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மெயிலில் அனுப்புங்கள். வாய்மொழியாகப் பேசி முடித்தாலும் அன்றைக்கே, "இன்று நாம் பேசியதில் நீங்கள் சொன்னது இது" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

என் விசாரணைக்கு நான் தனியாகத்தான் போனேன், அந்த நோட்டும் ரோஸ்டர் நகலும்தான் துணை. 11.30-க்கு ஆள் கேட்டு போன் செய்தது எழுத்தில் இருந்ததால், "ஏன் யாரிடமும் சொல்லவில்லை" என்ற கேள்வி அங்கேயே நின்றது. எச்சரிக்கையோடு விட்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அந்த எச்சரிக்கையும் வந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இவ்வளவு பேரை என்னால் பார்க்க முடியாது" என்று சொல்வது எப்படி

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக்கூடாது. பொறுப்பை ஏற்கும் முன் ஆட்சேபம் சொல்வது ஒன்று, ஏற்றுக்கொண்ட பிறகு யாரிடமும் ஒப்படைக்காமல் போய்விடுவது வேறு. இரண்டாவதை நோயாளியைக் கைவிட்டதாகக் கவுன்சில்கள் பார்க்கும், உரிமமே போகலாம். ஆகவே ஷிப்ட் தொடக்கத்தில், ஹேண்ட் ஓவர் எடுப்பதற்கு முன்னாலேயே, சூப்பர்வைசரிடம் வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள்: "இந்த எண்ணிக்கை பாதுகாப்பானதில்லை என்று கருதுகிறேன், வேறு வழி இல்லையென்றால் ஆட்சேபத்தோடு ஏற்கிறேன், என்னால் முடிந்தவரை பார்ப்பேன்." அமெரிக்காவில் பல நர்ஸ் சங்கங்கள் இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கின்றன. டெக்சாஸில் "பாதுகாப்புத் துறைமுகம்" என்ற பொருளில் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது: பாதுகாப்பற்ற பணியைக் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்காக நர்ஸைத் தண்டிக்க முடியாது. உங்கள் இடத்தில் படிவம் இல்லையென்றாலும் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். பிறகு ஏதாவது நடந்தால், ஆபத்தை முன்கூட்டியே சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி.

ஆள் எண்ணிக்கை பற்றிப் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள இரண்டு விஷயம் தருகிறேன். ஒன்று, நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் செய்து 2002-ல் வெளியான ஆய்வு: ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு அறுவை சிகிச்சை நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும், 30 நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு, கலிபோர்னியா: 1999-ல் சட்டம், 2004-ல் நடைமுறை, ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 2 நோயாளி, பொது வார்டில் 2005 முதல் 5. அந்த 5 கிடைப்பதற்கு முன் மாநில அரசு அதைத் தள்ளிப்போடப் பார்த்தது, நர்ஸ் சங்கம் நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் 2000-ல் ஒப்பந்தமாக வந்த எண்ணிக்கை 2015-ல் சட்டமானது. இதையெல்லாம் தனி ஒருவரால் வாங்க முடியாது. சந்தா கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

பழிவாங்கினால்

நடக்கும். நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மனு கொடுத்த மறுவாரமே வேறு வார்டுக்கு மாற்றுவது, தொடர்ந்து இரவு டூட்டி போடுவது, விடுப்பை மறுப்பது என்று வரலாம். அதையும் அதே நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மனு கொடுத்த தேதியும் மாற்றல் வந்த தேதியும் அடுத்தடுத்து இருந்தால், அந்தத் தேதிகளே பிறகு உங்களுக்காகப் பேசும்.

நிர்வாகத்தைத் தாண்டி வெளியே புகார் கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டெக்சாஸின் விங்க்ளர் கவுண்டியில் 2009-ல் இரண்டு நர்ஸ்கள் ஒரு டாக்டரின் சிகிச்சை முறை பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் புகார் எழுதினார்கள். புகார் போக வேண்டிய இடம் அதுதான். இருந்தும் வேலையை இழந்தார்கள், அவர்கள் மேலேயே கிரிமினல் வழக்குப் போடப்பட்டது. ஒருவர் மீதான வழக்கு முன்பே கைவிடப்பட்டது, மற்றவரை 2010-ல் நடுவர் குழு விடுதலை செய்தது. பிறகு இருவருக்கும் சேர்த்து 7,50,000 டாலர் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. அந்த வழக்கில் அவர்களுக்குத் துணை நின்று, நாடு முழுவதும் நிதி திரட்டியது மாநில நர்ஸ் சங்கம். இரண்டு விஷயத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: புகார் சரியான அமைப்புக்குப் போக வேண்டும், பத்திரிகைக்கோ ஃபேஸ்புக்குக்கோ முதலில் போகக்கூடாது. போகும் முன்பே சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றிச் சுருக்கமாக. அது கடைசி ஆயுதம், நாடு வாரியாகச் சட்டம் மாறும். அமெரிக்காவில் மருத்துவமனை என்றால் 10 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். ராயல் காலேஜ் 1995 வரை வேலைநிறுத்தமே கூடாது என்று விதி வைத்திருந்தது, அதை நீக்கிய பிறகும் முதல் வேலைநிறுத்தம் 2019 டிசம்பரில் வடக்கு அயர்லாந்தில்தான் நடந்தது. அப்போதும் அவசர சிகிச்சைக்கு ஆள் ஒதுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். உங்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று பேசினால், ஐசியூவுக்கும் கேஷுவால்டிக்கும் யார் இருப்பார்கள் என்ற திட்டத்தைக் கேட்காமல் வாக்களிக்காதீர்கள்.

ஒப்பந்த ஊழியர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள்

சங்கம் அமைக்கும் உரிமைக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ம் உடன்படிக்கைகள் இருக்கின்றன, நர்ஸ்களுக்கென்றே 1977-ல் 149-ம் உடன்படிக்கை வந்தது. நர்சிங் சேவையைத் திட்டமிடுவதிலும் நம்மைப் பற்றிய முடிவுகளிலும் நம்மைக் கலந்து பேச வேண்டும் என்று அது சொல்கிறது. எல்லா நாடும் இவற்றை ஏற்கவில்லை, சில நாடுகளில் தொழிற்சங்கமே சட்டப்படி கிடையாது. ஆகவே வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் எதிலும் கையெழுத்து போடும் முன், விசாவும் வேலையும் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறதா, சங்கத்தில் சேர அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவப் பணியாளருக்கும் உள்நாட்டவருக்குள்ள அதே உரிமைகள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஒரு நெறிமுறை வகுத்தது. அது சட்டம்போலக் கட்டாயப்படுத்தாது, ஆனால் மனுவில் மேற்கோள் காட்டலாம். ஒப்பந்த ஊழியர்கள், உங்களைச் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறதா, சந்தா குறைவா, உங்கள் முதலாளி மருத்துவமனையா ஏஜென்சியா என்று கேளுங்கள். மனு யார் பெயருக்குப் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

சேர்ந்தாயிற்று என்றால், ரசீது, உறுப்பினர் எண், விதிமுறைப் புத்தகம், காப்பீட்டுத் தாள் நான்கையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், மருத்துவமனை லாக்கரில் வேண்டாம். சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்பளச் சீட்டைப் பாருங்கள், ஷிப்ட் மாறி, பிரிவு மாறி, பிடித்தம் நின்றுபோனது தெரியாமலே உறுப்பினர் தகுதி காலாவதியானவர்கள் இருக்கிறார்கள். புதுப்பிக்கும் மாதம் வரும்போது அந்தப் பழைய தாளை எடுத்து, அதில் எழுதிய பிரச்சினைகளில் எத்தனைக்கு இந்தச் சங்கம் ஏதாவது செய்தது என்று குறித்துப் பாருங்கள். ஒன்றுக்கும் இல்லையென்றால், விலகுவதற்கு முன்னால் கிளைக் கூட்டத்தில் ஒரு முறை எழுந்து அதைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுத்தில் விலகல் கொடுத்து, காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, புதிய இடத்தில் சேர்ந்த ரசீது கைக்கு வந்த பிறகே பழையதை நிறுத்துங்கள்.